கண்ணுச்சாமிக்கு நீ எழுதுன நாலு தாள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
9.11.1999

அன்பு மகன் ஜமால் முகமதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையில நானும் உன் அம்மாவும் சுகமா இருக்கோம், சார்ஜாவுல நீயும் அப்படியே இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்டுக்கிட்டிருக்கோம். உன் தங்கச்சி அசீனாவுக்கு ஏழு மாசம், வயிறு நல்லாத் தெரியுதுன்னு அம்மா சொல்றா. மழை விடாமப் பேஞ்சு பிளவக்கல் டேம் நெறஞ்சிருச்சு.

ஒரு விசயம் மனசைப் போட்டு அரிக்குது, எழுதிருதேன். டாக்டர் ஞானபாக்கியம் அம்மாவோட புது இன்ஜெக்சன் கார் ஓடிக்கிட்டிருக்கும்போதே நின்னு நின்னு போச்சு. நான் பெட்ரோல் பம்ப், பிளக்கு எல்லாம் மாத்திப் பாத்தேன், கேக்கல. பொறவு டாக்டரம்மா என்னையும் ஏத்திக்கிட்டு ராஜபாளையம் கண்ணுச்சாமி ஒர்க்‌ஷாப்புக்குப் போனாக. என்கூட ஒரே பட்டறையில கிரீஸ்ல பொரண்ட பயதான், இப்ப வண்டிக் கோளாறைச் சொல்ற ஸ்கேனர் மிஷின் வாங்கி வச்சிருக்கான். ஸ்டேரிங்குக்குக் கீழ அதோட வயரைச் சொருகுனான், கார் கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்சிருந்த அஞ்சு கோட் நம்பர் ஒண்ணொண்ணா அந்தச் சின்னத் திரையில வந்துச்சு. அதுக்கு அர்த்தம் பாக்க ஒரு கடிதத்தை எடுத்தான். பாத்தா உன் கையெழுத்து. சார்ஜா ஒர்க்‌ஷாப்புல நீ கத்துக்கிட்டதை அவன் கேட்டு எழுதுனதாம். நாலு தாள், ரெண்டு பக்கமும், எந்த நம்பருக்கு எந்த சென்சார்னு தமிழ்ல எழுதி, படம் வேற போட்டு. எனக்கு நீ எழுதுறது ஏழு வரி ஜமாலு. வயிறு எரிஞ்சது எனக்கு.

அஞ்சு சென்சாரும் ஒண்ணாக் கெடாது, கம்ப்யூட்டர் பெட்டிதான் போயிருக்கும், மதுரையிலருந்து வரவழைக்கணும்னான் கண்ணுச்சாமி. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. போன மாசம் ஸ்டார்ட்டரைக் கழத்தும்போது எஞ்சின் எர்த் வயரை எடுத்தவன் நான்தான். திரும்ப மாட்டும்போது நட்டைக் கையால திருகுனதோட சரி, ஸ்பேனர் போடல. எர்த் லூசா இருந்தா அம்புட்டு சென்சாரும் தப்பாத்தான் சொல்லும். வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும், சொல்லல. அந்த மிஷினும் உன் நாலு தாளும் தோத்து அவன் முழிக்கட்டும்னு நின்னேன். திரையில வந்த கோட் நம்பரை அவன் அழிச்சதும் வண்டி ஓடிச்சு, பெட்டி வார வரைக்கும் ஓட்டுங்கன்னு அனுப்பிட்டான்.

மூணாம் நாள் வ. புதுப்பட்டிக்குப் பிரசவம் பாக்கப் போன டாக்டரம்மாவை அந்தக் கார் கொட்டுற மழையில நடுரோட்டுல நிப்பாட்டிருச்சு. பால் வேன்ல ஏறிப் போய்ச் சேந்தாக. தாயும் பிள்ளையும் பிழைச்சது அல்லாஹ் செஞ்ச காரியம். செத்த நேரம் பிந்தியிருந்தா ரெண்டு உசுரும் தங்காதுன்னு நர்சு சொல்லக் கேட்டு நம்ம அசீனா முகம் கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு. வண்டி நின்ன இடத்துக்கே போய் நட்டை இறுக்குனேன், டாக்டரம்மாகிட்ட உள்ளதைச் சொன்னேன், அடுத்த பஸ்ஸைப் புடிச்சு ராஜபாளையம் போய்க் கண்ணுச்சாமிகிட்டயும் சொன்னேன். அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணேன்னு மட்டும் கேட்டான். ஏசியிருந்தாத் தேவலை. டாக்டரம்மா இந்த வாரம் ஆயில் மாத்த வண்டியைக் கண்ணுச்சாமிகிட்டதான் விட்டிருக்காக.

தப்பு என்னோடதுதான். ஆனாலும் பொறாமை இன்னும் போகல, பெத்த மகனுக்குப் பொய் எழுத வேண்டாம். அத்தா, கேட்டிருந்தா உங்களுக்கும் எழுதியிருப்பேனேன்னு நீ சொல்லுவ. மகன்கிட்ட போய் எப்படிக் கேக்கன்னுதான் இருந்துட்டேன். இப்ப கேக்கேன், எனக்கும் எழுதுப்பா.

ஏசிக்கு நேரா படுத்துச் சளி புடிக்க வச்சுக்காத. அசீனா பிரசவத்துக்கு இப்பவே லீவு சொல்லி வை. உன் ஈமானையும் உடம்பையும் ரப்பு காத்து நிப்பானாக, ஆமீன்.

உன் வரவை எண்ணியிருக்கும் அத்தா,
பிச்சை முகம்மது