தெரியாததுக்குக் கொஞ்சம் இடம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் மருமகளும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகம் என்று உன் வாயால் கேட்கத்தான் ஆசை, ஆனால் இப்போதெல்லாம் உன் வீட்டுச் செய்தி உன் மாமியார் வழியாகத்தானே எனக்கு வருகிறது, அதனால் அவர் சொன்னதை நம்பி நீங்கள் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். பிரசவத்துக்கு ஒத்தாசையாக அவர் அங்கே வந்து தங்கியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பெற்றவள் பக்கத்தில் இருந்தால் மருமகளுக்கும் தெம்புதான். இந்த வரியை இரண்டு முறை எழுதி அடித்துவிட்டு, இப்போது மனதாரவே எழுதியிருக்கிறேன்.

போன வாரம் சம்பந்தியம்மா போனில் பேசும்போது, கழுத்து இப்போது தேவலை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எந்தக் கழுத்து, என்ன ஆயிற்று என்று நான் துருவியபிறகுதான் விஷயமே வெளியே வந்தது. நீயும் அவரும் கடைக்குப் போய்விட்டு மழையில் திரும்பினீர்களாம், முன்னால் போன லாரிக்காரர் சாலையில் விழுந்து கிடந்த மெத்தையைப் பார்த்து பிரேக் போட்டாராம், நீயோ அவருக்கு முதுகு சொறிந்துவிடுகிற தூரத்தில் போய்க்கொண்டிருந்தாயாம். காரின் மூக்கு நசுங்கி, பாவம், உன் மாமியாருக்குக் கழுத்துப் பட்டை போடும்படி ஆகிவிட்டது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அம்மா வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிடுவார் என்று நீ சொன்னதாகச் சொன்னார். எடுக்கத்தான் செய்வேன். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் பெற்ற பிள்ளைக்குச் சொல்லக்கூடாதா?

ஆனால் என்னைச் சுட்டது அது இல்லை. அதற்குப் பிறகு நீ நன்றாக இடம் விட்டு ஓட்டுகிறாயாம், யாராவது நடுவில் புகுந்தால்கூட முறைக்காமல் மறுபடியும் பின்வாங்கி இடம் விடுகிறாயாம். எப்படி இந்த மாற்றம் என்றால், உன் மாமியார் ஒரே ஒரு தடவை சொன்னாராம். வண்டியை ஓரம் கட்டிய கையோடு, கத்தாமல் திட்டாமல் சொன்னாராம்: “முன்னாடி போறவர் எதைப் பாத்து பிரேக் போடுவார்னு உங்களுக்குத் தெரியாதுல்ல தம்பி. அந்தத் தெரியாததுக்குக் கொஞ்சம் இடம் விடுங்க.” நீ தலையாட்டினாயாம். உனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து நான் தொண்டை வற்றச் சொன்னது இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் போயிற்று, அவர் சொன்னது மட்டும் பசை போட்டு ஒட்டிக்கொண்டதா? அப்பாவிடம் புலம்பினேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே, மகன் பிழைத்தான் என்று சந்தோஷமா, சம்பந்தி சொல்லித் திருந்தினான் என்று வருத்தமா என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

இன்னொரு கூத்தையும் கேள். இப்போது என்னிடம் ஒரு பேக்கரிக்காரி வண்டி பழகுகிறாள், கை சுத்தம், கண் சுத்தம், ஆனால் முன்னால் போகும் வண்டியோடு ஒட்டிக்கொண்டுதான் போவாள். இடம் விட்டால் வேறொருவன் நுழைந்துவிடுவானே என்று அவளுக்குப் பொறுக்காது. நேற்று ஒரு பேருந்தின் பின்னால் அப்படித்தான் போனாள், அது நிறுத்தத்தில் சட்டென்று நிற்க, பயிற்சி வண்டியில் என் பக்கம் இருக்கும் பிரேக்கை நான் மிதித்ததால் தப்பித்தோம். நான் எப்போதும் சொல்வதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்து விழுந்ததோ உன் மாமியார் சொன்ன வார்த்தை, எழுத்துப் பிசகாமல். அவள் அதன்பிறகு வழி நெடுக இடம் விட்டே ஓட்டினாள். இறங்கும்போது, இவ்வளவு நாளில் இன்றைக்குத்தான் டீச்சர் புரியும்படி சொன்னீர்கள் என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

இருந்தாலும் என் பங்குக்கு நானும் சொல்லிவிடுகிறேன், படிக்காமல் தாண்டிப் போகாதே. முன்னால் போகிறவர் ஒரு கம்பத்தைத் தாண்டியதும், ‘அவசரமில்லை, வீட்டுக்குத்தான் போறேன்’ என்று நிதானமாகச் சொல்லிப் பார். சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கம்பம் உனக்கு வந்துவிட்டால் நீ நெருங்கிப் போகிறாய் என்று அர்த்தம். மழையென்றால் இரண்டு முறை சொல். பின்னால் எவனாவது ஒட்டிக்கொண்டு வந்தால் அவனுக்குப் பாடம் புகட்டுகிறேன் என்று பிரேக்கைத் தொடாதே, ஓரமாக ஒதுங்கி அவனைப் போகவிடு, அவன் அவசரம் அவனோடு போகட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தியம்மா மறுபடியும் கூப்பிட்டார். இந்த வயதில் வண்டி பழக முடியுமா என்று கேட்டார். நான் ஏன் என்றேன். “உங்க மகன் வண்டியில உக்காந்தாலே எங்கம்மா இப்படித் திருப்புவாங்க, எங்கம்மா அப்படி நிறுத்துவாங்கன்னுதான் பேச்சு. என் பொண்ணும் வாயைப் பொளந்துகிட்டுக் கேக்குறா. எனக்கு வயிறு எரியுது அண்ணி. எனக்கும் சொல்லிக் குடுங்க.” கழுத்துப் பட்டையை முதலில் கழற்றுங்கள், குழந்தை பிறந்ததும் வருகிறேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்தபிறகு சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். அதற்காக என் பொறாமை போய்விட்டது என்று எண்ணாதே, இன்னும் பின்னாலேயேதான் வருகிறது, கொஞ்சம் இடைவெளி விட்டு.

மருமகளைப் படியில் ஏறி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல். நீங்கள் மூவரும், வரப்போகிற நான்காவது ஆளும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நிறைவாக வாழ அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். மறக்காமல் ஒன்று: நான் வரும்வரை உன் மாமியாருக்கு ஸ்டீயரிங்கைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுக்கக்கூடாது. அவர் என் மாணவி.

உன்னைப் பெற்ற,
அம்மா