மெசினில் பிழையில்லை, மச்சான்

மச்சான்,

பலகை தேய்க்கிற உன் மெசினை இன்று காலை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உன் மனைவி றெஜினாதான் சொல்லி அனுப்பினாள். பின்வளவுக் கொட்டிலைப் பிரித்து மகளுக்கு ஓர் அறை கட்டப்போகிறாளாம். வானில் ஏற்றுவதற்கு முன் உருளையின் மேல்மூடியை ஒருமுறை திறந்து பார்த்தேன். மூலையில் கொஞ்ச மகோகனித் தூள் கிடந்தது. அந்த மணம் முகத்தில் அடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. "அண்ணை, பாரமோ? நாங்கள் தூக்கிறம், விடுங்கோ" என்றான் வான்காரன். பாரம்தான் என்று சொன்னேன்.

குருநகரில் உனக்குக் குறையாத வேலை இருந்தது. கடலுக்குப் போகிற வள்ளங்களில் பாதிக்கு மேல் உன் கை பட்ட எஞ்சின்தான். ஆனால் உனக்கு உயிர் எஞ்சினில் இல்லை. ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலில் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் கிற்றாரோடு நீ உட்கார்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். முழங்கை வரை கிறீஸோடு திரிகிற ஆள்தானா இது என்று யாரும் கேட்பார்கள். அந்தக் கிற்றார் பழசாகி, கழுத்து வளைந்ததும், புதிது வாங்குவோம் என்று கோயிலில் சொன்னார்கள். நீ கேட்கவில்லை. நானே ஒன்று செய்வேன் என்று வீம்பு பிடித்தாய். உன் தலைக்குள் ஒன்று ஏறினால் இறக்கப் பாதிரியாராலும் முடியாது.

கிற்றாருக்குப் பலகை தடித்த அட்டைபோல மெல்லிசாக வேண்டும், எல்லா இடமும் ஒரே அளவில் வேண்டும். சீவுளி பிடித்தாய், ஓரிடம் தடிப்பு, ஓரிடம் ஓட்டை. அப்போதுதான் சாண்ட் பேப்பர் சுற்றிய உருளையொன்று சுழல, அதன் கீழே பலகையைத் தள்ளித் தேய்க்கிற மெசினை ஃபோனில் கண்டுபிடித்து என்னிடம் ஓடி வந்தாய். எரிந்துபோன தண்ணீர்ப் பம்ப் மோட்டர் ஒன்று என் பட்டறையில் கிடந்தது. அதற்குக் கொயில் சுற்றிக் கொடுத்தேன். நீ பழைய வள்ளத்து எஞ்சின் தண்டில் வட்டப் பலகைகளைக் கோத்து ஒட்டி, இரண்டு பக்கமும் பெயரிங் போட்டு உருளையாக்கினாய். அது முதலில் முட்டை மாதிரித்தான் சுழன்றது. மட்டப் பலகையில் சாண்ட் பேப்பரை ஒட்டி, உருளையை அதிலேயே தேயவிட்டு வட்டமாக்கினாய். அன்று உனக்கு வாயெல்லாம் பல்.

நாங்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. பெல்ட்டுக்குத் தகரத்தில் மூடி அடித்தோம். தூளை இழுக்கக் குழாய் வைத்தோம். கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சிய மாஸ்க்குகளை மூக்கில் போட்டுக்கொண்டோம். பலகையை உருளை சுழல்கிற பக்கத்துக்கு எதிராகத்தான் கொடுக்க வேண்டும் என்பதை, ஒருநாள் மாறிக் கொடுத்து, அது பறந்துபோய் வேலித் தகரத்தைக் கிழித்த பிறகு நீ மறக்கவேயில்லை. ஒரே ஒரு சாமான்தான் குறை. கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும், பச்சைப் பொத்தானை ஆள் அமத்தினால்தான் ஓடுகிற ஸ்டாட்டர். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற, தினமும் கரண்ட் வெட்டிய காலம் அது. யாழ்ப்பாணத்துக் கடைகள் எல்லாம் கேட்டோம். கப்பல் வந்தால் வரும் என்றார்கள். அதுவரைக்கும் சாதாரணச் சுவிட்ச் ஒன்றைப் போட்டுவிட்டு, கரண்ட் போனால் பிளக்கைக் கழற்று என்று சொன்னேன். ஓம் ஓம் என்று தலையாட்டினாய்.

அந்த நாள்களில் ஊரெல்லாம் ஒரு பழக்கம். கரண்ட் போனால் ஏதாவதொன்றைப் போட்டபடி விட்டுவிடுவோம். சிலர் முன் விறாந்தை பல்பை, சிலர் ரேடியோவை. அது தானாக உயிர்க்கும்போதுதான் கரண்ட் வந்துவிட்டதென்று தெரியும். உன் கொட்டிலில் பல்பும் இல்லை, ரேடியோவும் இல்லை. நீ மெசினைப் போட்டபடி விட்டாய். "உது கத்தினால் வீட்டுக்குள்ளை கேக்கும்தானே" என்று ஒருநாள் என்னிடம் சொன்னபோது நான் கத்தினேன். நீ சிரித்தாய். அடுத்த நாள் கழற்றினாய், அதற்கடுத்த நாள் கழற்றினாய். பிறகு யார் பார்த்தது?

அன்றும் கரண்ட் போனது. நீ மெசினைப் போட்டபடி விட்டு, உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்திருக்கிறாய். கரண்ட் வருகிற பாடில்லை. சும்மா இருக்க உன்னால் முடியுமா? தேய்ந்த சாண்ட் பேப்பரை மாற்றி வைப்போம் என்று வந்து, மூடியைத் திறந்து, தாளின் நுனியை உருளையின் வெட்டுக்குள் சொருக இடக்கை விரல்களை உள்ளே விட்டிருக்கிறாய். அப்போது கரண்ட் வந்தது. உன் அயல் முழுக்க எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கூக்குரல் போட்டார்களாம், கரண்ட் வந்த சந்தோசத்தில். உன் குரலை அந்தச் சத்தத்துக்குள் றெஜினா பிரித்தறியக் கொஞ்ச நேரம் எடுத்ததாம்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது கட்டுக்குள் எத்தனை விரல் மிச்சம் என்று எண்ணப் பார்த்தேன். நீதான் சொன்னாய். சுட்டுவிரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுவிட்டன. கிற்றாரின் கழுத்தில் ஓடித் திரிந்த விரல்கள். நான் அந்த மெசினைச் சுத்தியலால் உடைக்கப் போகிறேன் என்று அழுதேன்.

"விரல் போனது எனக்கு, அழுறது நீயோ?" என்றாய். பிறகு, முகட்டைப் பார்த்துக்கொண்டு, "மெசினிலை பிழையில்லை மச்சான். கரண்ட் வந்தால் சொல்லெண்டு விட்டனான். சொல்லிப்போட்டுது."

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். என்னால் முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. உன்னோடு எனக்கு இன்னும் கோபம்தான்.

புதுக் கிற்றார் பலகையாகவே நின்றுபோனது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கோயிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தாய். பாட்டுத் தொடங்கினால் வலக்கை மடியில் தாளம் போடும். இடக்கையைச் சட்டைப் பையில் வைத்திருப்பாய். பழைய கிற்றாரிலேயே கம்பிகளை மாறிக் கட்டி, கையை மாற்றி வாசித்துப் பாரேன் என்று ஒருமுறை சொன்னேன். கொஞ்சக் காலம் முயன்றாய். "உது என்ரை வாசிப்பில்லை" என்று அதைக் கொண்டுபோய்க் கோயிலிலேயே கொடுத்துவிட்டாய். அதைப்பற்றிப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. மீன் விலை கதைத்தோம், பிள்ளைகளின் படிப்பைக் கதைத்தோம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, தினமும் வருவாய். ஆனால் நீ வாசித்த காலத்தில் என் வீட்டுக்குள் வருகிற ஆளும் அதற்குப் பிறகு வந்தவனும் ஒருவனில்லை.

ஸ்டாட்டர் பிறகு வந்தது. எல்லாம் பிந்தித்தானே எங்களுக்கு வரும். பெட்டியோடு உன்னிடம் கொண்டுவந்தபோது வேண்டாம் என்பாய் என்று நினைத்தேன். பூட்டு, பார்ப்போம் என்றாய். பூட்டினேன். நீயே மெசினை ஓடவிட்டாய். நான் உள்ளே போய் மெயினை நிறுத்தினேன். உருளை ஓய்ந்தது. திரும்பவும் மெயினைப் போட்டுவிட்டுக் கொட்டிலுக்கு வந்தேன். உருளை அசையவில்லை. பச்சைப் பொத்தானை யாராவது அமத்தும்வரை அது அசையாது. நீ அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாய். உன் இடக்கையின் பாதி விரல்கள் மூடியின் விளிம்பில் ஊன்றியிருந்தன.

"இவ்வளவுதானே மச்சான்" என்றாய். "இவ்வளவுதானே."

உன் வாயால் நான் கேட்ட ஒரே முறைப்பாடு அதுதான். அந்த நேரம் கருவிகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன்.

போன மாரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விட்டாய். உன்னைக் கோயிலுக்குக் கொண்டுபோன அன்று பாடகர் குழுவில் யாரோ நன்றாகத்தான் வாசித்தார்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

இப்போது முன்னைப்போலக் கரண்ட் அடிக்கடி போவதில்லை. போனால் நான் எழும்பி ஃபான், ரீவி, பல்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். பிளக்குகளையும் கழற்றிவிடுவேன். மனுசி ஆரம்பத்தில் சண்டை பிடித்தாள்: "ஒரு பல்பையாவது விடுங்கோவன், வந்தால் தெரியும்தானே." இப்போது அவளும் கூடவே பிளக் கழற்றுகிறாள். பொழுதுபட்ட நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூக்குரல் போடுவார்கள், ஒழுங்கை வீடுகளிலெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். நான் இருட்டிலேயே கதிரையில் இருப்பேன். அவளும் பக்கத்தில் இருப்பாள். பிறகு நான் எழும்பிப் போய் ஒவ்வொன்றாகப் போடுவேன்.