நேர்ந்தது அவர், நடந்தது நான்

12 ஏப்ரல், சனி

லைசென்ஸ் கைக்கு வந்து நாலு நாள். இன்னும் காரைத் தொடவில்லை. காலையில் பால் முடிந்துவிட்டது. நான் போய் வாங்கி வருகிறேன் என்று ஆணியில் தொங்கிய கார்த் திறப்புக்குக் கை நீட்டினேன். "உமக்கேன் வீண் அலைச்சல், நான் போட்டு வாறன்" என்று இவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். குப்பைப் பையைக் கீழே கொண்டுபோவதற்கே மூன்று தரம் சொல்ல வேண்டிய மனிதர்!

ஐம்பது வயதில், நாலாம் தரம் சோதனை எடுத்துப் பாஸ் பண்ணியிருக்கிறேன். ஜூலை முதலாம் திகதி புது வேலை. இங்கே சுவிஸில், பாடனைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய், வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிட வேண்டும். பதினெட்டு வருடம் முதியோர் இல்லத்தின் நிலக்கீழ்ச் சலவை அறையில் நின்றவளுக்கு, வெளிச்சத்தைப் பார்க்கிற வேலை கிடைப்பதே பெரிது. பராமரிப்புப் படிப்பு முடித்துவிட்டேன், லைசென்சும் எடுத்துவிட்டேன். கை பழகக் கார் வேண்டுமே?

பழகுநராக இருந்தபோது இவர் என் பக்கத்தில் இரண்டு தரம்தான் இருந்தார். முதல் நாள் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்மிதியைச் சுருட்டி வைத்தார். இரண்டாம் நாள் வெற்றிங்கன் சிக்னலில் இறங்கி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டார். கார் சீற் இன்னும் அவருடைய நீளக் காலுக்குத்தான் வைத்திருக்கிறது. நான் ஏறினால் எனக்கு பிரேக் எட்டாது.

14 ஏப்ரல், திங்கள்

புதுவருடம். பொங்கிப் படைத்து, இவர் கையால் கைவிசேடக் காசும் வாங்கியாயிற்று. கை நனைத்த பிறகு மெல்லத் தொடங்கினார்.

"ரஞ்சி, உம்மட சோதனைக்கு நான் ஒரு நேர்த்திக்கடன் வைச்சனான்."

எனக்கு மனம் இளகிவிட்டது. வெளியே சொல்லாவிட்டாலும் மனிதருக்கு உள்ளே அக்கறை இருக்கிறது என்று நினைத்தேன்.

"ஐன்சீடல்ன் மாதாவுக்கு. வீட்டில இருந்து கோயில் வாசல் மட்டும் நடந்து வாறதெண்டு."

"எண்பது கிலோமீற்றர்! உங்கட முழங்காலோட எப்பிடி?"

"நானில்லை. நீர்."

தக்ஷிகா சிரித்த சிரிப்பில் பாயாசம் மூக்கால் வந்தது. பெற்ற மகள்!

நேர்கிறது அவர், நடக்கிறது நானா? கார் ஓட்டப் படித்ததற்குக் கிடைத்த பரிசு கால்நடைப் பயணம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

15 ஏப்ரல்

நான் நடக்கப் போவதில்லை.

19 ஏப்ரல், சனி

நடக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை.

நேர்த்தி என்று வாய் விட்டுச் சொன்ன பிறகு அதைக் கிடப்பில் போட எனக்கும் மனம் வரவில்லை. உள்ளுக்குள் உறுத்துகிறது. தக்ஷிகாதான் வழி சொன்னாள்: "அம்மா நடக்கட்டும். திரும்பி வரேக்க அம்மாதான் கார் ஓட்டுவா. நீங்க பக்கத்தில இருக்கோணும். வாய் திறக்கக் கூடாது. வீடு வந்த பிறகு திறப்பு ரெண்டு பேருக்கும் பொது."

இவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். கஞ்சி முழுவதையும் வடித்து முடித்தார். பிறகு, "ஓம்" என்றார். ஹோட்டல் குசினியில் இருபத்தேழு வருடம் சட்டி பானையோடு போராடிய மனிதர், இந்த ஒரு ஓமுக்கு வியர்த்துப்போனார்.

3 மே, சனி

ஒரே மூச்சில் நடக்க லீவு இல்லை. அதனால் லீவு கிடைக்கிற சனிக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக, போன தரம் விட்ட இடத்திலிருந்து தொடங்கி நடப்பதென்று முடிவு. இங்குள்ள சுவிஸ்காரர் பலர் அப்படித்தான் நடக்கிறார்களாம். மாதாவும் சுவிஸில் இருக்கிறவதானே, கோபிக்கமாட்டா.

இன்று டியெற்றிகோன்வரை. லிம்மாற் ஆற்றங்கரை முழுக்கக் காட்டுப் பூண்டு வாசம். பாதை ரோட்டைத் தொடுகிற இடத்திலெல்லாம் இவர் காரோடு நிற்கிறார், தேத்தண்ணீர்ப் போத்தலோடு. "கால் நோகுதோ?" நோகுது என்றேன். "அப்ப மெல்ல நடவும்." காரில் ஏறும் என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு நேர்மை.

17 மே, சனி

சிரித்து வயிறு நோகிறது. எழுதிவைக்க வேண்டும்.

போன சனி சூரிச்வரை வந்தாயிற்று. இன்று அங்கிருந்து மைலன் போகிற ஏரிக்கரை ரோடு. நடைபாதையில் நான். பக்கத்தில் ஊர்ந்தபடி கார், கண்ணாடி இறக்கி இவர்: "தொப்பியைப் போடும். தண்ணி குடியும். அந்தப் பக்கம் நிழல் கிடக்கு." நான் கோபத்தில் திரும்பிப் பார்க்கவேயில்லை. எதிரே நாயோடு வந்த ஒரு சுவிஸ் அம்மா நின்று, என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டா: "இந்த ஆள் உங்களுக்குத் தொந்தரவு தருகிறாரா? பொலிசைக் கூப்பிடட்டுமா?"

"தொந்தரவுதான்," என்றேன். "இருபத்தாறு வருடமாக. என் கணவர்."

அவ இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படியானால் நீங்கள் ஏன் ஓட்டக்கூடாது, அவர் நடக்கட்டுமே?" என்றா. அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியிருப்பேன். நாய் குரைத்தது. இவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனவர், மைலன் படகுத்துறையில்தான் மறுபடி கண்ணில் பட்டார்.

24 மே

குதியில் கொப்புளம். இன்று நடை இல்லை.

14 ஜூன், சனி

றப்பர்ஸ்வில் வந்து சேர்ந்தேன். இனி ஒரே ஒரு நாள். அக்கரையில், அந்த மலைக்குப் பின்னால் கோயில்.

என் உடம்பு எனக்கே புதிதாக இருக்கிறது. படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை. ஆற்றங்கரையில் ஆளில்லாத இடங்களில் பாடிக்கொண்டே நடந்தேன். ஐம்பது வருடத்தில் இப்படித் தனியாக, யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்காமல், நாள் முழுக்க இருந்ததே இல்லை. ஆனால் இதை இவரிடம் சொல்லமாட்டேன். இன்னொரு நேர்த்தி வைத்துவிடுவார்.

22 ஜூன், ஞாயிறு

கடைசி நாளை ஒத்திப்போடப் பார்க்கிறார். நேற்று மழை வருமென்றார். வெயில் எரித்தது. இன்று, "ஓகஸ்டில போவமே, அப்ப ஊராக்களும் வருவினம்" என்றார். ஒன்றாம் திகதி வேலை என்று தெரியாதா இவருக்கு? மலைக்கு இவர் பயப்படவில்லை. திரும்பி வருகிற ரோட்டுக்குத்தான் பயப்படுகிறார்.

வருகிற சனி. மழையோ வெயிலோ.

28 ஜூன், சனி

எல்லாவற்றையும் எழுத வேண்டும். கால் இரண்டையும் உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு றப்பர்ஸ்வில்லில் இறக்கிவிட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. "கவனம்" என்று மட்டும் சொன்னார். ஏரிக்கு மேலே நீளமான மரப்பாலம். பலகைகளில் என் சப்பாத்துச் சத்தம், கீழே வாத்துகள். யாரும் இல்லாததால் கையை வீசி வீசி நடந்தேன்.

பெஃபிகோனில் கார் நிற்க வேண்டும். நிற்கவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. பிறகு மலையேற்றம். ஏற்றமா அது! மாட்டு மணிச் சத்தத்துக்கு நடுவில் என் மூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. மேலே எட்செல் கணவாய்ச் சிற்றாலயத்துக்குக் கார் வருகிற ரோடு இருக்கிறது. அங்கும் இல்லை. மறுபடி அடித்தேன். அப்போதும் எடுக்கவில்லை.

முதலில் கோபம். காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டார், ஓட்டத் தரக்கூடாதென்று! பிறகு வேறு யோசனை வந்தது. எங்கேயாவது முட்டுப்பட்டாரோ? நான்தான் விபத்துப்படுவேன் என்று எல்லாரும் பயப்பட, இந்த மனிதருக்கு ஏதும் நடந்திருந்தால்? இடி வேறு முழங்கியது. இறக்கத்தில் கிட்டத்தட்ட ஓடினேன். பிள்ளையாரே, அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது, நான் கார் ஓட்டாவிட்டாலும் பரவாயில்லை... அப்படி நேரப் போனவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். இந்த வீட்டில் நேர்ந்தது போதும்.

கீழே சீல் ஆற்றின் மேல் கூரை போட்ட பழைய கற்பாலம். பாலத்துக்குள் யாரோ குந்தியிருந்தார்கள். மடியில் குடை. காலில் ஹோட்டல் குசினிச் சப்பாத்து.

"கார் எங்க?" என்று கத்தினேன். அவர் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் வந்த முதல் சொல் அதுதான்.

"ஐன்சீடல்ன்ல விட்டிட்டன். அங்கயிருந்து நடந்து வந்தனான். போனைக் காருக்க விட்டிட்டன்."

"இந்த முழங்காலோடயோ? ஏன்?"

"கோயிலுக்குள்ள போக முதல் ஒண்டு சொல்ல வேணும்." நிமிர்ந்து பார்க்காமல் குடையின் பிடியை உருட்டினார். "முதல் மூண்டு சோதனைக்கும்... நீர் பெயிலாக வேணுமெண்டுதான் நான் கும்பிட்டனான்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது நம்பவில்லை.

"பயம், ரஞ்சி. நீர் தனிய அந்த மோட்டர்வேயில... உமக்கு ஒண்டு நடந்தா நான் என்ன செய்வன்? பிள்ளையாருக்கு ஒவ்வொரு தரமும் கற்பூரம் கொளுத்தினனான். மூண்டாந்தரம் நீர் குளியலறையில பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழுதது எனக்குக் கேட்டது. என்ர வேண்டுதல்தான் பலிச்சுப்போச்செண்டு நெஞ்சு இடிஞ்சு போச்சு. அதைத் திருப்ப வேணும். ஆனா பிள்ளையாரிட்டை மூண்டு தரம் ஒண்டைக் கேட்டிட்டு, பிறகு மாத்திக் கேக்க வெக்கமாக் கிடந்தது. அதுதான் மாதாவிட்ட வந்தனான். சும்மா மெழுகுதிரி காணாது, பெரிசா ஏதும் நேர வேணும். எனக்கு நடக்க ஏலாது. உம்மட காலை நேர்ந்திட்டன்."

அவரை அப்படியே ஆற்றில் தள்ளிவிடலாம் போலிருந்தது. அன்று நான் வெளியே வந்தபோது இதே மனிதர்தான் சோகமான முகத்தோடு தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அதற்குப் பிறகு ஒரு வருடம், உனக்கு மூளை இல்லை, இந்த வயதில் உனக்கேன் என்று கண்ணாடியில் என்னையே திட்டியிருக்கிறேனே!

அவரை விட்டுவிட்டு முன்னால் நடந்தேன். வேகமாக. மழை பிடித்துக்கொண்டது. கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், தூரத்தில் குடையைப் பிடித்தபடி, குசினிச் சப்பாத்து சேற்றில் வழுக்க, நொண்டி நொண்டி வருகிறார். நின்றேன். பாசத்தால் அல்ல, குடை அவரிடம் இருந்தது.

நிற்கும்போதுதான் யோசித்தேன். முதல் தரம், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்காமல் லேன் மாற்றினேன். இரண்டாம் தரம், முப்பதில் போகிற தெருவில் நாற்பத்திரண்டு. மூன்றாம் தரம், சுற்றுவட்டத்தில் சைக்கிள்காரருக்கு வழி விடவில்லை. பிள்ளையார் வந்து என் கழுத்தைப் பிடித்துவைத்திருந்தாரா? அவருக்கு வேறு வேலை இல்லையா? பெயிலானது நான். அப்படியென்றால் பாஸானதும் நான்தான்! நாற்பது மணித்தியாலம் பழகி, திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில் திரும்பிப் பார்த்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, நானே பாஸ் பண்ணினேன். அந்த மழையில் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் வந்த இவர் பயந்துபோனார்.

"என்ன?"

"இந்த நேர்த்தி தேவையே இல்லை. நான் சும்மாவே பாஸ் பண்ணியிருப்பன்."

"அப்ப இவ்வளவு தூரம் நடந்தது?"

"அது எனக்காக," என்றேன். "குடையைச் சரியாப் பிடியுங்கோ, என்ர தோள் நனையுது."

கடைசி ஒன்றரை மணித்தியாலமும் ஒரே குடைக்குள். அவருக்காக மெதுவாக நடந்தேன். "கால் நோகுதோ?" என்று இந்தத் தரம் நான் கேட்டேன். "ஓம்." "அப்ப மெல்ல நடவுங்கோ."

கோயில் முற்றத்து நீரூற்றில் பதினாலு குழாய். பதினாலிலும் குடிக்க வேண்டுமாம். குடித்தோம். இவர் எட்டாவதில் கணக்குத் தவறி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். உள்ளே மாதாவுக்குக் கறுத்த முகம், பொன் வேலை செய்த சாத்துப்படி, எங்கள் அம்மன் மாதிரியே. பின்னேரம் துறவிகள் வரிசையாக வந்து அவ முன்னால் நின்று பாடினார்கள். கண்ணீர் வழிந்தது. மெழுகுதிரி கொளுத்தி மனதுக்குள் சொன்னேன்: அம்மா, கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன், இவரையும். இவர் கேட்டதைப் பெரிதாக எடுக்காதே. நடக்க வைத்ததற்கு நன்றி.

கார் தரிப்பிடம். திறப்பை நீட்டினார். சீற்றை முன்னுக்கு இழுத்தேன். கண்ணாடியைச் சரி பண்ணினேன். மலை வளைவுகளில் மேலே உள்ள பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. மோட்டர்வேயில் ஒரு கையை விட்டார். நெருக்கமான நாலு கிலோமீற்றர் சுரங்கத்துக்குள், லொறி இரண்டைத் தாண்டி வெளியே வந்து, "பாத்தீங்களோ?" என்று திரும்பினால் தலை சாய்ந்து, வாயைத் திறந்து, குறட்டை.

நித்திரை! நான் ஓட்டுகிற காரில்!

பாடனுக்குத் திரும்புகிற வழியைத் தவறவிட்டேன். பொய். தெரிந்துதான் விட்டேன். மேகன்வில்வரை போய்த் திரும்பி வந்தேன். எழுப்ப மனம் வரவில்லை. எனக்கும் நிறுத்த மனம் வரவில்லை.

1 ஜூலை, செவ்வாய்

காலை ஆறு மணி. முதல் நாள் வேலை. இவர் நித்திரை. நேற்று இரவு வேலை முடிந்து அவர்தான் காரை ஓட்டி வந்தவர். திறப்பு மேசையில் என் சாப்பாட்டுப் பெட்டிக்கு மேலே இருந்தது.

கீழே போய்க் கார்க் கதவைத் திறந்தேன். அன்றைக்குப் போலச் சீற்றை இழுக்கக் கீழே கையை விட்டேன். இழுக்க வேண்டியிருக்கவில்லை. முன்னுக்கு இழுத்துவைத்திருந்தது.