கை மாற்ற ஓர் ஆள்

அன்புள்ள அண்ணா,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். வலது கை உன் மச்சானின் முதுகில் இருக்கிறது.

ஆற்றிலிருந்து அவரைத் தூக்கி வந்து குப்புறப் போட்டு, "விலாவை அழுத்தி அழுத்தி விடு. வேற ஆள் வந்து மாத்துற வரைக்கும் கைய எடுத்துடாத" என்று படகோட்டும் நீதானே சொல்லிக்கொடுத்தாய். டாக்டரைக் கூட்டி வரத் திங்கட்கிழமை போனவன், பெரியம்மா வீட்டில் சாப்பிடாமல் படுத்திருக்கிறாயாமே.

டாக்டர் தானாகவே வந்தார். "போதும்மா, விட்டுடு" என்றார். அவருக்கு என்ன தெரியும்? அழுத்தினால் மூச்சு வெளியே வருகிறது, விட்டால் உள்ளே போகிறது. பக்கத்து வீட்டு அக்காதான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டுப் போனாள்.

நேற்றிலிருந்து பேச்சும் வந்துவிட்டது. "குளிருதாங்க?" என்று கேட்டு அழுத்தினால் "ம்" என்கிறார்.

இன்று காலையில், "அண்ணன் சொன்ன மாதிரி படகுல கால் வழுக்கியா விழுந்தீங்க?" என்று கேட்டு அழுத்தினேன். சத்தமே இல்லை.

"அண்ணன் தள்ளிவிட்டுச்சா?" என்றேன்.

நான் இன்னும் அழுத்தவே இல்லை. அதற்குள் "ம்" என்றார்.

எனக்குக் கை மரத்துவிட்டது. மாற்ற நீ வா, அண்ணா. அவரும் உன் கைக்காகத்தான் காத்திருக்கிறார்.

உன் தங்கை