பானைக்குள் சுற்றிய வேர்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரி மோரில் கசக்கிப் போட நாரத்தை இலை கேட்டு வந்தாள். பறித்துக் கொடுத்துவிட்டுக் கையை முகர்ந்தேன். அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். செத்துப்போன பெண்டாட்டி இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வரலாமா என்று கோபம்கூட வந்தது.

கோம்பையில் நாம் வாடகைக்கு இருந்தபோது வீட்டுக்காரர் தரையில் மரம் வைக்க விடவில்லை. நீயும் ஆசையை விடவில்லை. பெரிய மண்பானையின் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி நாரத்தை விதையை ஊன்றினாய். யுத்தத்துக்கு முந்தி தேனிப் பக்கம் சொந்த நிலம் வாங்கிக் குடிவந்தோமே, அன்றைக்கு வண்டியில் பாத்திரம் பண்டத்தையெல்லாம் என் காலடியில் தள்ளிவிட்டு அந்தப் பானையை மடியில் வைத்துக்கொண்டாய். நமக்குப் பிள்ளை இல்லை. அந்த மரம் போனால் நீ தாங்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

புது இடத்துத் தரையில் நடப்போனால் பானை விடவில்லை. வாய் சிறுத்து வயிறு பெருத்த பானை. வேர் உள்ளே பிடித்துக்கொண்டது. உடைத்தால் தீர்ந்தது. ஆனால் என் ஆத்தா குறுக்கே நின்றாள். சுடுகாட்டில் உடைக்கிறதைப் புது வீட்டு வாசலில் உடைப்பதா, என் மகன் நல்லா இருக்க வேண்டாமா என்று அழுதாள். பானையோடு புதைத்துவிடலாம், வேர் தானே பிளந்துகொண்டு வரும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அப்படியே புதைத்தோம்.

மரம் சாகவும் இல்லை, வளரவும் இல்லை. மண் சரியில்லை என்றேன் நான். கண்ணேறு என்றாள் ஆத்தா. நீ மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாய். இந்நேரம் வேர் எங்கே போயிருக்கும்? இருட்டில் அதற்கு வழி எப்படித் தெரியும்? சோறு போடும்போதும் இதே பேச்சு. எனக்கு எரிச்சலாக வரும்; பிறகு வயலுக்குப் போகிற வழியெல்லாம் நானும் அதையே யோசிப்பேன். அதற்குள் மிச்சமிருந்த இலையும் மஞ்சளித்துச் சுருளத் தொடங்கியது.

ஆத்தா சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள் வீட்டுக்கு வந்தால், நீ குழிக்குள் நின்றுகொண்டு, "இங்கன வாங்க, வந்து பாருங்க" என்றாய். பானை சில்லுச் சில்லாகக் கிடந்தது. பானை போன பிறகும் வேர் பானை மாதிரியே நின்றது.

"போக வழி தேடி ஒரே இடத்தையே சுத்தியிருக்கு, பாவம்" என்று ஒவ்வொன்றாகப் பிரித்தாய். பிரியாததை அரிவாளால் அறுத்தாய். உன் முகத்தில் கவலையே இல்லை. ராட்டினம் பார்க்கிற பிள்ளையின் முகம்.

திரும்பி வந்த ஆத்தா சில்லுகளைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஏலே, எனக்கு முந்தி உனக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுலே" என்றாள். அதற்குப் பிறகு நான் தும்மினால்கூட உன்னை ஒரு பார்வை பார்ப்பாள். மழை விழுந்து மரம் துளிர்த்தது, காய்த்தது, முதல் ஊறுகாயை அவளே போட்டாள். அந்தப் பார்வை மட்டும் போகவில்லை.

ஆத்தா சொன்னது பலித்துவிடும் என்று உனக்குப் பயமே இல்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"பயமாத்தான் இருந்துச்சு. பாக்காம இருக்கத்தான் முடியல" என்றாய்.

ஆத்தா போய், நீயும் போய்விட்டாய். எனக்கும் தள்ளவில்லை. நீ போயிருக்கிற இடம் எப்படி இருக்கும் என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், உன்னிடம் சொல்வதற்கு என்ன, அந்த இடத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும்போலவும் இருக்கிறது.