ஸ்டெல்லாவின் பெயருக்கு முன்னால்

நேற்று அலமாரியைத் துடைக்கும்போது பழைய அகராதிக்குள்ளிருந்து ஓர் அட்டை நழுவி விழுந்தது. நூலகப் பட்டியல் அட்டை. கீழே துளை, மேலே இடது பக்கம் சாய்ந்த உன் கையெழுத்து. ‘வான்’ என்று தொடங்கும் டச்சுப் பெயர்களை எந்த எழுத்தில் தேட வேண்டும் என்று வாசகருக்கு வழி சொல்லியிருந்தாய். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. உனக்கு இதை எழுதும் தைரியம் இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவையில் அந்தக் கல்லூரி நூலகத்தின் பின்னறையில் நாம் இருவர்தான். நான் காரமடையிலிருந்து வருவேன், நீ கருமத்தம்பட்டியிலிருந்து. புதுப் புத்தகங்களுக்கு அட்டை எழுதுவது வேலை. வெளிநாட்டு ஆசிரியர்களின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் துண்டுச் சொற்கள் இருக்கின்றனவே, அவைதான் நம்மைப் பாடாய்ப் படுத்தும். ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு விதி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உனக்கோ அதுதான் கொண்டாட்டம்.

அகராதிகளை விரித்துவைத்துத் தோண்டுவாய். ஸ்காட்லாந்துக்காரரின் ‘மெக்’ என்றால் மகன். அயர்லாந்தின் ‘ஓ’ என்றால் பேரன். டச்சுக்காரரின் ‘வான்’ அப்பனைப் பற்றிப் பேசுவதே இல்லை, ஊரைச் சொல்வதோடு சரி. மகன் என்கிற ‘ஃபிட்ஸ்’ பிரெஞ்சிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலீஷாகிவிட்டது. நம்மூர்த் தெலுங்குக்காரர்களுக்கு முன்னெழுத்து வீட்டுப் பெயர். இதையெல்லாம் ஊர்க்கதை மாதிரி நீ சொல்லச் சொல்ல, நான் “அட்டையை எழுதம்மா தாயே” என்று கத்துவேன்.

ஒருநாள் அரபுப் பெயர் ஒன்று வந்தது. ‘உம்மு’ என்றால் இன்னாரின் தாய் என்று கண்டுபிடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாய்.

“பாரம்மணி, அங்க பெத்தவ புள்ள பேரைப் போட்டுக்கறாளாமா! நம்மூர்ல பெத்தவளுக்கு ஒரு எழுத்துக்குக்கூட எடமில்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். உன் மகள் ஸ்டெல்லாவுக்கு ஒன்றரை வயதிலேயே உன் புருஷன் உங்களை விட்டுப் போயிருந்தான். பெருந்துறைப் பக்கம் அவனுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டதாகக் கேள்வி. பிள்ளை இருக்கிறாளா செத்தாளா என்றுகூட அவன் ஒரு கடுதாசி போட்டதில்லை.

அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற நேரம் பார்த்து உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். விண்ணப்பத்தை நீயே நிரப்பினாய். உன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு ‘ஆர். ஸ்டெல்லா’ என்று எழுதி என்னிடம் கொடுத்தாய்.

“குடுத்துப்போட்டு வா அம்மணி. அப்பன் எழுத்துதான் வேணும்னா, சேர்த்தவே வேண்டாம்னு ஃபாரத்தைத் திருப்பி வாங்கிட்டு வந்திரு. வேற பள்ளிக்கூடம் பாத்துக்கறேன். என்ற புள்ள பேருக்கு முன்னால அவன் எழுத்து நிக்கவே கூடாது.”

“சரி சரி, எனக்குத் தெரியாதா?” என்றேன்.

பள்ளி அலுவலகத்தில் நல்ல கூட்டம். எனக்குப் பின்னால் என் நாத்தனார், அவள் மகனைச் சேர்க்க வந்தவள், தோள் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளார்க் வயதானவர். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “அப்பா பேரு எழுதலீங்களே?” என்றார். அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. அம்மா எழுத்துதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. நாத்தனாரின் மூச்சு கழுத்தில் பட்டது. முகம் சுட்டது. அப்பன் எழுத்து இல்லாத பிள்ளை என்றால் எனக்கே உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருந்திருக்கிறது, அத்தனை நாள் உன்னோடு உட்கார்ந்து சோறு தின்றும்.

“தப்பா எழுதிப்போட்டமுங்க. வேற ஃபாரம் குடுங்க,” என்றேன். அங்கேயே நின்று, அட்டைக்கு எழுதுவது போல அழகாக எழுதினேன், ‘ஏ. ஸ்டெல்லா’ என்று. அவன் பெயரையும் முழுசாக எழுதினேன்.

நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னிடம் சொன்னது வேறு. “ஒரேயடியா முடியாதுன்னுட்டாங்க. எவ்வளவோ சண்டை போட்டுப் பாத்தேன். சீட்டு போயிருமேன்னு மாத்திக் குடுத்துப்போட்டேன்.”

ஒரு மாதம் நீ என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு மதியம் உன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாய். “உன்னையச் சொல்லி என்ன பண்றது? ஊரே அப்படித்தான இருக்குது,” என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம், பாவி நான். எழுத்தை மாற்றித் தரச் சொல்லி நீ அந்தப் பள்ளிக்குப் போகவே இல்லை. முடியாதென்று சொன்ன இடத்தில் போய் நிற்க மாட்டேன் என்றாய். நீ படுக்கையில் கிடந்த கடைசி வாரத்திலும் வாயெடுத்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

போன மாதம் உன் நினைவுப் பூசைக்குக் கருமத்தம்பட்டி வந்திருந்தேன். கோயில் வாசலில் ஸ்டெல்லா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“எனக்காக அன்னிக்கு ஆபீஸ்ல அந்தச் சண்டை போட்டீங்களாமா, சின்னம்மா? உங்களையாட்ட ஒரு மனுசி கெடைக்காதுன்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.”

“ஆமாங் கண்ணு,” என்றேன்.