கடவுச்சொல் தமிழில்தான்

வியாழன், 14

காலையிலிருந்து தூறல். கணினி கடையிலிருந்து திரும்பியது. வேகம் கூட்டத்தான் கொடுத்தேன். இப்போது உள்ளேயே விட மறுக்கிறது. கடவுச்சொல் தவறாம். ஏழு முறை. என் விரல் தவறாது. தமிழ்த் தட்டச்சில் உயர்நிலை தேறியவள்.

கடவுச்சொல் பெட்டியின் ஓரத்துக் கண் படத்தை அழுத்திப் பார்த்தேன். நான் தட்டும் தமிழ் அங்கே ஆங்கிலக் குப்பையாக விழுகிறது. மூலையில் மொழி மாற்றும் குறி இருக்கும். அதையும் காணோம்.

கடைக்காரர் சேகர், தொலைபேசியில்:

"தமிழ் கீபோர்டு சும்மா கெடந்துச்சு, எடுத்துட்டேன் மேடம். யாராச்சும் பாஸ்வேர்டைத் தமிழ்ல வெப்பாங்களா?"

"நான் வைப்பேன்."

"அப்ப ஃபார்மேட்தான் அடிக்கணும். உள்ள கீறதெல்லாம் பூடும்."

உள்ளே இருப்பது: கல்வராயன் மலையில் முப்பத்தொரு குடும்பங்களின் நில வாக்குமூலம். வீடு வீடாக உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டியது. திங்களன்று ஆட்சியரகத்தில் மனுவோடு தர வேண்டும். வேறு நகல் இல்லை. முதுகலைப் பட்டம் பெற்ற மடமை.

வெள்ளி, 15

மழை விட்டது. வாங்க: கால்வலித் தைலம், ரவை, அச்சுத்தாள் இரண்டு கட்டு. (அச்சுத்தாள் வாங்குவது நம்பிக்கையால் அன்று, வீம்பால்.)

மலையிலிருந்து செல்லி. மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்று பேசினாள்.

"இன்னாம்மா, எல்லாம் ரெடியா?"

உண்மையைச் சொன்னேன்.

"மறுக்கா எல்லா வூட்லயும் கேட்டு எழுதணும்னா, பாதிப் பேரு கேரளாவுக்கு வேலைக்குப் போய்க்கினு இருக்காங்க. அது உங்க பொட்டியாச்சே. நீங்கதான் தெறக்கணும்."

சரியான பேச்சு. ஆறுதல் சொல்லாதவர்களை எனக்குப் பிடிக்கும்.

சேகர் மீண்டும் அழைத்து, "கொண்டாங்க மேடம், அரை மணி நேரத்துல அடிச்சுடலாம்" என்றார். தொடக் கூடாது என்றேன்.

சனி, 16

வெயில். முகப்புத் திரையில் என் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர்: என் கணவர். இறந்து நான்கு ஆண்டுகள். கணினியை வாங்கியவர் அவர். எல்லா அதிகாரமும் அந்தக் கணக்குக்கு உண்டு. அவருடைய கடவுச்சொல் ஆங்கிலம், அது மட்டும் தெரியும்.

முதலில் என் பெயர். இல்லை. மகள் பெயர். இல்லை. ஸ்கூட்டர் எண். திறந்தது. எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அமைப்புகள், மொழி, தமிழ் விசைப்பலகை சேர். அது போதாது, முகப்புத் திரைக்கும் இதையே நகலெடு என்னும் கட்டத்தில் தனியே குறியிட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம், மூன்று காபி. அணைத்துப் போட்டேன். மூலையில் குறி. தமிழுக்கு மாற்றித் தட்டினேன்.

முப்பத்தொன்றும் இருக்கின்றன. உடனே இரண்டு படி அச்சு.

திங்கள், 18

ஆட்சியரகம். நீண்ட வரிசை. செல்லி தன் பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"பலா மரம் ரெண்டுன்னு சொன்னேன். ஒண்ணுதான் போட்டுக்கீறீங்க."

பேனாவால் திருத்திக் கையெழுத்திட்டேன். மற்ற முப்பது பக்கங்களையும் வரிசையிலேயே உரக்கப் படிக்கச் சொன்னாள். பன்னிரண்டாவதில் இருக்கும்போது எங்கள் முறை வந்தது. பின்னால் நின்றவரை முன்னே போகச் சொல்லிவிட்டுப் பதின்மூன்றாவதை எடுத்தேன்.